காட்டுத்தீத் திட்டத்தில் எந்த வரியை அடித்தார்கள்?

காட்டுத்தீ மேலாண்மைத் திட்டம் எது கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். முன்பக்கங்களில் என்ன இருக்கும் என்பது தெரிந்ததுதான். பெரியவர்களின் வாழ்த்துரை, புகை சூழ்ந்த மலையின் படம், நோக்கம், தொலைநோக்கு, அப்புறம் இன்னொரு நோக்கம். விஷயம் பின்னிணைப்பில் இருக்கும். யாரைக் கூப்பிடுவது, தண்ணீர் எங்கே எடுப்பது, எத்தனை வண்டி, எந்தப் பாலத்தில் எத்தனை டன் ஏறலாம் என்பதெல்லாம் அங்கேதான். அந்தத் தொலைபேசிப் பட்டியலில் நாலைந்து எண்களைக் கூப்பிட்டுப் பார்த்தாலே திட்டத்தின் உடல்நிலை தெரிந்துவிடும். ஒருமுறை எடுத்தவர் பணி ஓய்வு பெற்றவர். "நான் ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சே சார், இன்னும் என் பேர்தான் இருக்கா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அட்டையில் நடப்பு ஆண்டைப் போட்டு, "திருத்தப்பட்ட பதிப்பு" என்று அச்சிட்டிருந்த திட்டம் அது.

ஆபத்து வரைபடம் போடுவது என் பிழைப்பு. செயற்கைக்கோள் படம், மழை அளவு, நிலச்சாய்வு, சாலை, வீடு எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே தீப்பிடித்தால் எது போகும் என்று நிறம் தீட்டிக் கொடுக்க வேண்டும். புதுப்பிக்கும் காலம் வந்தால் துறைகளிலிருந்து பழைய திட்டம் வரும், கூடவே "இதை அப்டேட் பண்ணிக் கொடுங்க" என்று ஒரு வரியும் வரும். அப்டேட் என்றால் பெரும்பாலும் ஆண்டை மாற்றுவது, வரைபடத்தில் சிவப்பைக் கொஞ்சம் கூட்டுவது, ட்ரோன் பற்றி ஓர் அத்தியாயம் சேர்ப்பது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஓர் அளவுகோல் உண்டாகிவிட்டது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எதை அடித்து நீக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் தேடுவேன்.

சேர்ப்பதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஒவ்வொரு பெரிய தீக்குப் பிறகும் ஓர் அத்தியாயம் தானாக முளைக்கும். ஆனால் ஒரு வரியை அடிக்க வேண்டுமென்றால், "முன்பு நாம் எழுதியது வேலை செய்யவில்லை" என்று யாராவது எழுந்து சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போது அந்த வரியை எழுதியவர் பெரும்பாலும் அதே மேசையில் உட்கார்ந்திருப்பார்.

திட்டத்தை ஏன் அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும் என்பதற்கான காரணம் தீயின் தன்மையிலேயே இருக்கிறது. காட்டுத்தீயின் போக்கைத் தீர்மானிப்பவை மூன்று: எரிபொருள், வானிலை, நிலம். நிலம் மாறாது. சாய்வு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது களத்தில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அது நேற்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான். வானிலை மணிக்கு மணி மாறும், அதைத் திட்டத்தில் எழுதி வைக்க முடியாது. நடுவில் இருக்கும் எரிபொருள்தான் ஏமாற்றுகிற பேர்வழி. நல்ல மழை பெய்த ஆண்டில் புல் ஆளுயரம் வளரும். கோடையில் அதுவே காய்ந்து நிற்கும். எரிந்த இடம் சில ஆண்டுகள் சாதுவாக இருக்கும், அப்புறம் சருகும் புதரும் சேரும். வறட்சியில் மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தால் கணக்கு தலைகீழாகும். இந்த மூன்றோடு நான்காவதாக மனிதர்கள். காட்டோரத்தில் ஒரு புதிய குடியிருப்பு வந்துவிட்டால், தீயில் எந்த மாற்றமும் இல்லாமலே ஆபத்து மட்டும் பல மடங்காகிவிடும்.

ஆக, ஒரே திட்டத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் பழசாகும் சங்கதிகள் இருக்கின்றன. தொலைபேசிப் பட்டியலின் ஆயுள் அடுத்த இடமாற்ற உத்தரவு வரை. புல்லின் கணக்குக்கு ஒரு பருவம். வீடுகளின் கணக்குக்கு மூன்று நான்கு ஆண்டுகள். சட்டப் பகுதி பத்து ஆண்டுகூடத் தாங்கும். ஆனால் நான் பார்த்த திட்டங்களில் முக்கால்வாசி, "ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும்" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியாக எழுதியிருக்கும். பாலுக்கும் உப்புக்கும் ஒரே காலாவதித் தேதி போட்ட மாதிரி.

உருப்படியாக ஒரு வரியை அடித்த கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 2009 பிப்ரவரி 7. 'கருப்புச் சனி' என்று அங்கே சொல்கிறார்கள். மெல்பர்னில் அன்று வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. 173 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. விசாரிக்க ராயல் கமிஷன் அமைத்தார்கள். 2010 ஜூலையில் வந்த இறுதி அறிக்கையில் 67 பரிந்துரைகள். அவற்றில் ஒன்று, அரசு நிலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 5 சதவீதத்தைத் திட்டமிட்டு எரிக்க வேண்டும் என்பது. குளிர்ந்த நாளாகப் பார்த்து நாமே கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட்டால் கோடையில் பெருந்தீக்குத் தீனி குறையும். சரியான யோசனைதான்.

5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 3,90,000 ஹெக்டேர். இலக்கு இப்படி ஹெக்டேரில் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் தெரியும். கணக்கு எங்கே சுலபமாக ஏறுமோ அங்கே போவார்கள். வடமேற்கே மாலி என்றொரு வறண்ட பரந்த வெளி இருக்கிறது. அங்கே ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரை எரித்துவிடலாம். பக்கத்தில் வீடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. மெல்பர்னை ஒட்டிய மலைப்பகுதிகளில் ஐம்பது ஹெக்டேரை எரிக்க வேண்டுமென்றால் காற்று பார்க்க வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், ஆளும் வண்டியும் நிறைய வேண்டும். புகை மூட்டம் என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், திராட்சையில் புகை வாடை ஏறிவிட்டது என்று ஒயின் தோட்டக்காரர்கள் வருவார்கள். ஆனால் உயிர்கள் இருப்பது அங்கேதான். இலக்கை எட்டியதாகக் காட்டும் ஆண்டிலும், எந்த வீட்டைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டால் அந்த எண்ணிக்கையில் பதில் கிடையாது.

இங்கே எனக்குப் பிடித்த சங்கதி, கமிஷனோடு கதையை முடித்துவிடவில்லை என்பது. பரிந்துரைகள் எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தன என்று பார்க்கவே தனியாக ஒரு கண்காணிப்பாளரை நியமித்தார்கள். 5 சதவீத இலக்கு நடக்கிற காரியமா, அதனால் பயன் உண்டா என்று அவரது அறிக்கைகளே கேள்வி எழுப்பின. 2015-இல் அவசரகால மேலாண்மைத் தலைமை ஆய்வாளர் மறுபடி உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு அரசு ஹெக்டேர் இலக்கை விட்டுவிட்டு ஆபத்தை அளக்கும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது. 173 பேரின் சாவுக்குப் பிறகு வந்த பரிந்துரை என்பதால் அதைத் தொடவே அரசியல்வாதிகளுக்குக் கை நடுங்கியிருக்கும். தொட்டார்கள்.

புதிய முறை என் தொழில் சார்ந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களில் தீப்பிடிப்பதாகக் கணினியில் வைத்துக்கொள்கிறார்கள். வானிலை, மிக மோசமான நாளின் வானிலை. ஃபீனிக்ஸ் என்ற மென்பொருள் ஒவ்வொரு தீயையும் ஓடவிட்டு எத்தனை வீடுகள் போகும் என்று எண்ணும். காட்டில் எரிபொருளை எப்போதுமே குறைக்காமல் விட்டிருந்தால் வரும் இழப்பை 100 என்று வைத்து, இன்றைக்கு இருக்கும் நிலையில் அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். அந்த மிச்ச ஆபத்தை 70 அல்லது அதற்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. இப்போது மாலியில் எவ்வளவு எரித்தாலும் இந்த எண் பெரிதாக அசையாது. வீடுகளுக்கு அருகே, காற்று வரும் திசையில், சரியான சரிவில் சின்னதாக ஒரு துண்டை எரித்தால் அசையும். வேலை செய்யும் இடமே மாறிவிட்டது.

இதிலும் குறை உண்டு. 3,90,000 ஹெக்டேர் என்றால் யாருக்கும் புரியும். "மிச்ச ஆபத்து 70" என்றால் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் என்னைத்தான் பார்ப்பார். 2019–20 கோடையில் ஆஸ்திரேலியா முழுக்க 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது, பழைய ஹெக்டேர் இலக்கையே கொண்டுவாருங்கள் என்று மறுபடி குரல் எழுந்தது. அந்தக் குரலைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. புரிகிற தவறான எண்ணா, புரியாத சரியான எண்ணா என்ற இழுபறி என் மேசையில் தினமும் நடப்பதுதான். நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் அதை ஒரு பக்கத்தில், சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்கத் துப்பில்லாத துறை, ஜனங்களைக் குறை சொல்லக் கூடாது.

அதே நாட்டில் இன்னொன்று. தீ அபாய நாள் என்று அறிவிக்க மக்ஆர்தர் என்ற விஞ்ஞானி உருவாக்கிய குறியீடு ஒன்று பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அதில் 100 என்பது 1939 ஜனவரி 13, 'கருப்பு வெள்ளி' நாளின் வானிலை. அதைவிட மோசமான நாள் வராது என்ற எண்ணத்தில்தான் உச்சியை அங்கே வைத்தார்கள். 2009-இல் அந்த உச்சியைத் தாண்டி எகிறியது. அப்புறம் 100-க்கு மேலே 'பேரழிவு' என்று ஒரு படியைச் சேர்த்தார்கள். 2022 செப்டம்பரில் நாடு முழுக்க அந்த அட்டவணையையே மாற்றி, நான்கே படிகளாகக் குறைத்தார்கள். படிகளைக் குறைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஆறு நிறம் அழகாகத்தான் இருக்கும். காலையில் எழுந்து வீட்டை விட்டுக் கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவருக்கு நான்கே அதிகம்.

சரி, அடித்தால் மட்டும் போதுமா? கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர்க் கதை வேறு மாதிரியானது. 2008-இல் அந்தப் பக்கம் தீ வந்தபோது மக்கள் வெளியேற முடியாமல் சாலையில் நெரிபட்டார்கள். அதிலிருந்து பாடம் படித்தார்கள். உண்மையாகவே படித்தார்கள். ஊரை மண்டலங்களாகப் பிரித்தார்கள், எந்த மண்டலம் முதலில் கிளம்ப வேண்டும் என்று வகுத்தார்கள், முக்கியச் சாலையை முழுக்க ஒருவழிப் பாதையாக மாற்ற ஏற்பாடு செய்தார்கள், ஒத்திகையும் பார்த்தார்கள். என் அளவுகோலை வைத்தால் நல்ல மதிப்பெண் வாங்கும் திட்டம். 2018 நவம்பர் 8 காலையில் வந்த தீ அந்த மண்டலக் கணக்குக்குள் அடங்கவில்லை. காற்றில் பறந்த கங்குகள் தீ வருவதற்கு முன்பே ஊருக்குள் விழுந்து பல இடங்களில் ஒரே நேரத்தில் பற்றின. ஒரு மண்டலத்துக்குப் பின் இன்னொன்று என்ற வரிசை, தீ ஒரு பக்கமிருந்து ஒழுங்காக வரும் என்று நம்பிப் போட்டது. எல்லா மண்டலமும் ஒரே சமயத்தில் அதே சாலையில் இறங்கின. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன.

அந்தத் திட்டத்தால் பிழைத்தவர்களும் ஏராளம், அதையும் சொல்ல வேண்டும். மறுஆய்வு என்று உட்காரும்போது முந்தைய தீ மட்டுமே எல்லோர் கண்ணிலும் நிற்கிறது என்பதுதான் எனக்கு இதில் உறுத்துகிற இடம். போன முறை எங்கே இடித்ததோ அங்கே பஞ்சு வைத்துத் தைக்கிறோம். வரைபடம் போடுகிறவனாக நான் ஒன்று கேட்பேன்: இதுவரை நடக்காத, ஆனால் நடக்கக்கூடிய மோசமான தீ எது, அதை இந்தத் திட்டத்தின் மேல் ஓடவிட்டுப் பார்த்தீர்களா? கணினியில் ஓடவிடச் செலவு அதிகமில்லை. முடிவைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

வரைபடத்தை அடிப்பது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே என் அளவுகோலே கவிழ்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-இல் சட்டம் போட்டு, வீட்டுமனை வாரியாகக் காட்டுத்தீ ஆபத்து வரைபடம் தயாரிக்கச் சொன்னது. 2022-இல் வெளியிட்டார்கள். எங்கள் இன்சூரன்ஸ் ஏறும், வீட்டு விலை இறங்கும் என்று பெரிய கூச்சல். சில வாரங்களில் திரும்பப் பெற்றார்கள். திருத்தி 2025 ஜனவரியில் மறுபடி வெளியிட்டார்கள். அதே ஆண்டு சட்டமன்றம் அந்த வரைபடத்தையே ரத்து செய்துவிட்டது. அடிக்கத்தான் அடித்தார்கள், ஆபத்து அங்கேயேதான் இருக்கிறது.

பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவில் வேறு சிக்கல். ஊராட்சிப் பொறுப்பில் உள்ள பகுதிகளுக்கான தீ அபாய வரைபடங்கள் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போட்டவை. புதியவை தயாராகி வெளியீட்டுக்குக் காத்திருந்தபோதுதான், 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்கள் வந்தன. ஈட்டன் தீயில் அழிந்த ஆல்ட்டடீனா பகுதியின் பெரும்பாலான வீடுகள் பழைய வரைபடத்தின் மிக உயர்ந்த அபாய வட்டத்துக்கு வெளியே இருந்தவை. புதிய வரைபடங்கள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியாயின. வெளியீட்டுத் தேதி என்பது வெறும் நிர்வாகச் சமாச்சாரம் என்று என்னிடம் யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

போர்ச்சுகலுக்கு வருகிறேன். அங்கே சட்டம் முன்பே இருந்தது. வீட்டைச் சுற்றி 50 மீட்டர், சாலையின் இரு பக்கமும் 10 மீட்டர் செடிகொடிகளை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று 2006-லேயே போட்டார்கள். 2017 ஜூன் 17 அன்று பெட்ரோகாவ் கிராந்தே தீயில் 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் 'N236-1' என்ற சாலையில், தப்பித்துப் போகும் வழியில், தங்கள் வண்டிகளிலும் வண்டிகளைச் சுற்றியும். சாலையை ஒட்டியே யூக்கலிப்டஸும் பைனும் நின்றன. நான்கே மாதத்தில் அக்டோபரில் இன்னொரு தீ, மறுபடி ஐம்பது பேருக்கு அருகில். சட்டம் இருந்தது, பதினொரு ஆண்டுகளாக இருந்தது. அது நடக்கிறதா என்று யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை.

அதன் பிறகு அவர்கள் செய்ததில் இரண்டு எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. காடு ஒரு துறை, தீயணைப்பு ஒரு துறை, காவல் ஒரு துறை என்று கிடந்ததை ஒருங்கிணைக்க ஏஜிஃப் என்று ஒரு தனி முகமையை உருவாக்கினார்கள். 2020 முதல் 2030 வரைக்கான தேசியத் திட்டம் ஒன்றைப் போட்டார்கள். அது எப்படிப் போகிறது என்று ஆண்டுதோறும் அறிக்கையும் வருகிறது. இரண்டாவது, பணம். 2017-இல் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் தடுப்புக்குப் போனது, மீதி எல்லாம் அணைப்பதற்கு. சில ஆண்டுகளில் தடுப்பின் பங்கு ஏறத்தாழ பாதிக்கு வந்தது. அதனால் போர்ச்சுகல் தீயிலிருந்து தப்பித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் மோசமான கோடைகள் வந்திருக்கின்றன. கிராமத்தை விட்டு ஜனங்கள் போய்விட்டார்கள், நிலம் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடக்கிறது, பல துண்டுகளுக்குச் சொந்தக்காரர் யார் என்றே தெரியாது. அதைப் பத்தாண்டுத் திட்டத்தால் சரி செய்ய முடியாது. ஆனால் பட்ஜெட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணத்தை நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் எடை புரியும். ஹெலிகாப்டரைத் தொலைக்காட்சியில் காட்டலாம். வெட்டி ஒதுக்கிய புதரை யார் காட்டுவார்கள்?

இது போர்ச்சுகலின் தனி வியாதி இல்லை. அமெரிக்க வனத்துறையின் பட்ஜெட்டில் தீ தொடர்பான செலவு 1995-இல் 16 சதவீதம். 2015-இல் பாதியைத் தாண்டிவிட்டது. நடுவில் பணம் தீர்ந்தால் புதரை ஒதுக்க வைத்திருந்த பணத்தை எடுத்துத் தீயணைத்தார்கள், அடுத்த ஆண்டு புதர் இன்னும் கூடியது. 2018-இல் சட்டம் கொண்டுவந்துதான் அந்தச் சுழலை உடைத்தார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 அறிக்கை, செலவில் மூன்றில் இரண்டு பங்கு திட்டமிடல், தடுப்பு, தயார்நிலை, மீட்சி ஆகியவற்றுக்கும், ஒரு பங்கு மட்டும் அணைப்பதற்கும் போக வேண்டும் என்றது. அவர்கள் வரிசைப்படுத்தும் ஐந்து படிகளில் முதல் படியே மறுஆய்வுதான், அணைப்பது நான்காவது. அதே நேரம், உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2006-இல் வெளியிட்ட தீ மேலாண்மை வழிகாட்டுதலின் இரண்டாம் பதிப்பு 2024-இல் வந்தது. பதினெட்டு ஆண்டுகள். மறுஆய்வைப் பற்றி ஊருக்குச் சொல்கிறவர்களுக்கும் மறுஆய்வு என்றால் கை வராது போல.

இந்தியாவைப் பொறுத்தவரை கண்டுபிடிப்பது இப்போது பெரிய பிரச்சினையே இல்லை. இந்திய வனஅளவைத் துறை 2004-லிருந்தே செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. இப்போது 375 மீட்டர் துல்லியத்தில் களப்பணியாளரின் கைப்பேசிக்கே வருகிறது. 2018-இல் தேசியச் செயல்திட்டமும் வந்தது. அதே ஆண்டு மார்ச் 11-இல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, மேல்நோக்கி ஓடும் தீ. பத்து டிகிரிக்கு இரட்டிப்பு என்ற அந்தக் கணக்கை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் வந்தன, அது தேவைதான். ஆனால் ஆண்டறிக்கைகளில் இன்னமும் எத்தனை எச்சரிக்கை போனது என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. எத்தனை எச்சரிக்கைக்கு ஆள் போனார், எவ்வளவு நேரத்தில் போனார், காரணம் என்ன என்று எழுதினாரா, ஒரே சரிவு ஏன் ஆண்டுதோறும் எரிகிறது என்பதுதான் நான் பார்க்க விரும்பும் அட்டவணை. வனக்கோட்டத்தின் செயல்திட்டம் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு எழுதப்படுகிறது. அந்தப் பத்து ஆண்டுக்குள் புல் பத்து முறை வளர்ந்து காய்ந்துவிடும்.

இன்னொன்று, யார் உட்காருகிறார்கள் என்பது. தீக்காலம் முடிந்த கையோடு உட்கார்ந்தால் எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கும். அப்போது யாருக்கும் தெம்பு இருக்காது, விடுப்பு கேட்பார்கள். தள்ளிப் போட்டால் மழைக்காலம், காடு பச்சையாகிவிடும், தீ என்றாலே யாரோ சொன்ன பழங்கதை மாதிரி இருக்கும். அதோடு, தீ பரவாமல் தடுக்கும் தீக்கோடு வெட்டுவதற்கும் காவலுக்கும் தற்காலிகமாக எடுத்த ஆட்களை அதற்குள் நிறுத்தியிருப்பார்கள். தீயை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். கூட்டத்தில் இருப்பவர்கள் தீயின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள்.

ஒரு துறையில் பொறுப்பில் இருந்த அதிகாரி பிடிவாதமாக அந்தக் காவலர்களையும் கூட்டத்துக்கு வரவழைத்தார். நான் போட்ட வரைபடத்தைத் திரையில் காட்டினால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதையே பெரிய தாளில் அச்சிட்டு மேசையில் விரித்ததும் எழுந்து வந்து குனிந்தார்கள். வயதான ஒருவர் முதலில் கோயிலைத் தேடினார், அப்புறம் ஓடையைப் பிடித்தார், அதன் வழியே விரலை மெல்ல மேலே கொண்டுபோனார். துறை கொடுத்த தரவில் 'நீராதாரம்' என்று நீலமாக இருந்த ஒரு குட்டையில் விரல் நின்றது. "இதுல தண்ணி இல்லையே சார். மண்ணு மூடிக் கிடக்கு. போன தீக்கு டேங்கரை இங்கதான் அனுப்புனாங்க, ஏறிப்போயி காலியா திரும்புச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர் அதற்குக் கீழே இன்னொரு இடத்தைக் காட்டி, இங்கே கோடையிலும் ஊற்று உண்டு, ஆனால் டேங்கர் திரும்ப இடமில்லை, பம்பைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார். இது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாத தகவல். பம்பின் எடை எவ்வளவு, இரண்டு பேர் தூக்க முடியுமா என்று அங்கேயே பேச்சு ஓடியது. அன்றைக்கு நடந்ததுதான் மறுஆய்வு என்று நான் சொல்வேன், நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார்கள் என்றாலும்.

அதிகாரி சிவப்புப் பேனாவை எடுத்துக் குட்டையின் மேல் ஒரு கோடு போட்டார். பின்னிணைப்பிலும் அந்த வரியை அடிக்கச் சொன்னார். உடனே கணக்குப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் நிமிர்ந்தார். "சார், அந்தக் குட்டையைத் தூர் வாருறதுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை போயிட்டிருக்கு. குட்டையையே எடுத்துட்டா அதை எந்தத் தலைப்புல காட்டுறது?"

"முதல்ல வாரினாங்களான்னு பாருங்க" என்றார் அதிகாரி.